கிராண்ட் என் பெயரில், கதவுக்கு வெளியே யாருடைய சட்டம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் கதவைத் தட்டினார். மலாயில் அச்சடித்த நோட்டீஸ், மேலே எங்கள் பிளாட்டின் பெயர், கீழே ரப்பர் ஸ்டாம்பு. நடைபாதையில் வைத்திருக்கும் பொருட்களை ஏழு நாளில் எடுக்காவிட்டால் நடவடிக்கை என்று இருந்தது. அவர் வாசலில் இருப்பதே மூன்று பொருள்தான்: ஒரு துளசித் தொட்டி, ஒரு செருப்பு ஸ்டாண்டு, வெள்ளிக்கிழமைக் கோலத்துக்கு மாவு போட்டு வைத்திருக்கும் ஒரு பழைய மைலோ டின். "அரசாங்கமே சொல்லிடுச்சா தம்பி, துளசி வைக்கக் கூடாதுன்னு?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. முப்பது வருஷம் தோட்டத்து வரிசை வீட்டில் வாழ்ந்துவிட்டு பினாங்கின் ரிலாவுக்குக் குடி வந்தவர், வாசல் என்றால் அது தன் வாசல் என்றே பழகியவர்.

அரசாங்கம் அப்படி எதுவும் சொல்லவில்லை, சொன்னது நம் பிளாட்டின் நிர்வாகம் என்று விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. நான் இரண்டு தவணை எங்கள் நிர்வாகக் குழுவில் இருந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பினாங்கில் வீட்டுக்காக நடக்கும் சண்டைகளில் பாதி, யார் போட்ட விதி என்று தெரியாமல் நடக்கிற சண்டை. காவலாளி வாய்மொழியாகச் சொன்னதைச் சட்டம் என்று நம்பிப் பயப்படுகிறவர்கள் ஒரு பக்கம். கிராண்ட், அதாவது வீட்டுப் பட்டா, என் பெயரில் இருக்கிறது, எவன் என்னைக் கேட்பது என்று சுவரை இடிக்கிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே நஷ்டப்படுகிறார்கள்.

முதலில் யார் யாருக்கு என்ன அதிகாரம் என்று பார்த்துவிடலாம். நம் மலேசிய அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் எது கூட்டரசின் வேலை, எது மாநிலத்தின் வேலை என்று பட்டியல் போட்டிருக்கிறது. நிலம் மாநிலத்தின் கையில், நகராண்மைக் கழகங்களும் மாநிலத்தின் கையில். ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு நிலச் சட்டம் என்று போனால் யாருக்கும் தலைகால் புரியாது என்பதால், 76ஆவது பிரிவின் வழியாக நாடாளுமன்றம் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரியான சட்டத்தை எழுத இடம் கொடுத்திருக்கிறார்கள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம், 1974இன் சாலை, வடிகால், கட்டடச் சட்டம், 1976இன் ஊராட்சிச் சட்டம், 1985இன் ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) உரிமைச் சட்டம், கடைசியாக 2013இன் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், எல்லாமே கோலாலம்பூரில் எழுதப்பட்டவை. அவற்றை நடத்துகிற கை மட்டும் இங்கே, மாநில அரசின் அலுவலகங்கள் இருக்கும் கொம்தாரில், நில அலுவலகத்தில், மாநகர் மன்றத்தில் இருக்கிறது. இதற்கு ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம் தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் 2015 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. பினாங்கில் மட்டும் ஜூன் 12. பதினோரு நாள் வித்தியாசம்தான், ஆனால் சட்டம் ஒன்றாக இருந்தாலும் அது நம் ஊருக்கு வந்து சேரும் வழி வேறு என்பது அதிலேயே தெரிகிறது.

கோலாலம்பூரில் இருக்கும் நம் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கே மாநில அரசு என்று ஒன்று இல்லை, கூட்டரசுப் பிரதேசம், மாநகராட்சி மன்றம் நேராக மத்தியின் கீழ். அதனால் தங்கச்சி வீட்டில் கெப்போங்கிலோ செந்தூலிலோ நடந்ததை வைத்து இங்கே பாயான் லெப்பாஸில் வாதாட முடியாது.

சரி, அக்காவின் துளசிக்கு வருகிறேன். அடுக்குமாடியில் நாம் வாங்குவது சுவருக்கு உள்ளே இருக்கும் இடத்தைத்தான். கதவைத் தாண்டிக் கால் வைத்தால் அது பொதுச் சொத்து. நடைபாதை, படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, எல்லாம் எல்லாருக்கும் சேர்ந்தது, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நிர்வாகத்துடையது. ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த ஒழுங்குமுறைகளின் மூன்றாவது அட்டவணையில், நாட்டிலுள்ள எல்லா ஸ்ட்ராட்டா கட்டடத்துக்கும் பொதுவான துணைவிதிகள் இருக்கின்றன. பொதுச் சொத்தில் வழியை மறிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. தீ பிடித்தால் இருட்டில், புகையில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் காலில் தட்டக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. எனக்கு அதில் கருத்து வேறுபாடே இல்லை. எங்கள் மாடியில் ஒரு வீட்டு வாசலில் பழைய வாஷிங் மெஷின் இரண்டு வருஷமாகக் கிடந்தது, அதைத் தாண்டி ஒரு ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியாது. ஆனால் சுவரை ஒட்டி வைத்த ஒரு சாண் தொட்டியையும் வாஷிங் மெஷினையும் ஒரே நோட்டீஸில் எழுதுகிறபோதுதான் ஆட்களுக்கு மனசு கசந்துவிடுகிறது. கோலத்தைப் பற்றி அந்த அட்டவணையில் ஒரு வார்த்தை கிடையாது. கோலம் வழியை மறிப்பதில்லை. அதை அக்காவிடம் சொன்னதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அதே அட்டவணையில்தான் துணி காயப்போடுவதும் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு துணி தொங்கக் கூடாது, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும், வெளியே தொங்கவிட்டே ஆக வேண்டும் என்றால் நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். வளர்ப்புப் பிராணி விஷயத்தில் நிறைய பேர் நினைப்பதுபோல் ஒட்டுமொத்தத் தடை அதில் இல்லை. மற்றவர்களுக்குத் தொந்தரவாகவோ ஆபத்தாகவோ இருக்கும் பிராணியை வைத்திருக்கக் கூடாது, வேறு சட்டத்துக்கு முரணாகவும் இருக்கக் கூடாது என்றுதான் எழுதியிருக்கிறது. அப்படி ஒரு பிராணி இருந்தால் எழுத்து நோட்டீஸ் கொடுத்து மூன்று நாளில் அகற்றச் சொல்லலாம். அதற்கு மேல் நாயே கூடாது, பூனையே கூடாது என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் கட்டடத்துக்காரர்கள் பொதுக்கூட்டத்தில் சிறப்புத் தீர்மானம் போட்டுக் கூடுதல் துணைவிதி கொண்டுவர வேண்டும். சிறப்புத் தீர்மானம் என்றால் இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு, செல்லுபடியாகும் ஓட்டுகளில் முக்கால் பங்கு ஆதரவு. செயலாளர் இரவோடு இரவாக வாட்ஸப்பில் போடும் செய்தி துணைவிதி ஆகாது. இதை நான் குழுவில் இருந்தபோதே சொல்லி, சக உறுப்பினர்களிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

துணைவிதியை மீறினால் அபராதம் உண்டு, அதற்கு உச்சவரம்பு 200 வெள்ளி (ரிங்கிட்). மெய்ண்டனன்ஸ் கட்டாதவர்களின் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம், கேட் கார்டைச் செயலிழக்க வைக்கலாம். இதெல்லாம் அட்டவணையிலேயே இருக்கும் அதிகாரங்கள். தண்ணீரை வெட்டுகிற அதிகாரம் அந்தப் பட்டியலில் இல்லை. எங்காவது அப்படி மிரட்டினால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள்.

மெய்ண்டனன்ஸ் என்றதும் எனக்கு ஒரு ராத்திரி ஞாபகம் வரும். எங்கள் பிளாட்டில் இரண்டு லிஃப்டும் படுத்துவிட்ட மாதம் அது. பதினோராவது மாடியில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். பெட்டியைப் படி வழியாகத்தான் இறக்கினோம். ஆறு பேர், ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டியைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி, சாய்த்து, மெதுவாகத் திருப்பி. அவர் மகன் பின்னாலேயே "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தான். ஆறாவது மாடியில் டியூப்லைட்டும் எரியவில்லை. லிஃப்டுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கக் கணக்கில் பணம் இல்லை, ஏனென்றால் பாதி வீட்டுக்காரர்கள் வருஷக்கணக்கில் பாக்கி.

பாக்கி வைப்பதை ஆட்கள் ரொம்பச் சாதாரணமாக நினைக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஷேர் யூனிட் என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்துத்தான் மாதக் கட்டணம். அதோடு, பொதுவாக அந்தக் கட்டணத்தில் பத்து விழுக்காடு அளவுக்குக் கூடுதலாகச் சிங்கிங் ஃபண்டுக்கு, அதாவது கூரை, பெயிண்ட், லிஃப்ட் மாதிரி பெரிய செலவுக்குச் சேர்த்து வைக்கும் பணம். கட்டாதவருக்கு 11ஆம் படிவம் என்ற கோரிக்கை நோட்டீஸ் வரும், பதினான்கு நாள் அவகாசம். அதற்குப் பிறகும் நியாயமான காரணம் இல்லாமல் கட்டாமலிருந்தால் அது குற்றம்: 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும், போதாததற்குத் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 50 வெள்ளி வரை. வீட்டுச் சாமானைப் பறிமுதல் செய்ய வாரண்ட் வாங்குகிற வழியும் உண்டு. பில் கட்டாததற்கு ஜெயிலா என்று கேட்பவர்களை அந்தப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதே நேரத்தில் வேலை போனவரையும் வேண்டுமென்றே கட்டாதவரையும் நிர்வாகம் பிரித்துப் பார்க்க வேண்டும், தவணையில் கட்ட ஒத்துக்கொள்ள வேண்டும். அதைச் சட்டம் தடுக்கவில்லை.

மலிவு விலைப் பிளாட்டுகளுக்குப் பினாங்கு மாநில அரசு ஒரு நிதி வைத்திருக்கிறது. லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை மாதிரி பெரிய பழுதுக்குச் செலவில் எண்பது விழுக்காடு வரை மாநிலம் கொடுக்கும், மீதியை நிர்வாகம் போட வேண்டும். நல்ல திட்டம். ஆனால் அந்த இருபது விழுக்காடு கணக்கில் இருக்க வேண்டும் அல்லவா. எங்களிடம் அப்போது அதுகூட இல்லை.

அடுத்தது மேல்வீட்டுத் தண்ணீர். அடுக்குமாடியில் வாழ்கிறவர்கள் எல்லாருக்கும் ஒருமுறையாவது நடந்திருக்கும். என் வீட்டில் சாமி மேடைக்கு மேலே கூரையில் முதலில் ஒரு டீ கறை மாதிரி வளையம் வந்தது. இரண்டு வாரத்தில் தட்டு அளவு. பிறகு சுண்ணாம்பு பெயர்ந்து குத்துவிளக்கின் எண்ணெயில் விழ ஆரம்பித்தது, தினமும் காலையில் விளக்கைத் துடைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். மேல்வீட்டு உரிமையாளர் சிங்கப்பூரில், வாடகைக்கு இருந்தவர் கதவே திறக்கவில்லை. நான்கு மாதம் திட்டிக்கொண்டே இருந்தேன். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

இருப்பது இதுதான். கூரையிலிருந்து தண்ணீர் கசிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை, கோளாறு மேல்வீட்டில்தான் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் 142ஆவது பிரிவு. நிர்வாகத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், வாய்ப் பேச்சு கணக்கில் வராது. புகார் கிடைத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுக் காரணம் என்ன, யார் சரிசெய்ய வேண்டும் என்று 28ஆம் படிவத்தில் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பார்க்க வருகிறவரை உள்ளே விடாமல் தடுப்பது குற்றம். அந்த ஒரு வரியைக் கடிதத்தில் எழுதி அனுப்பியதும் சிங்கப்பூரிலிருந்து இரண்டே நாளில் போன் வந்தது.

ஆனால் பாருங்கள், சோதித்தபோது தெரிந்தது வேறு. கசிந்தது மேல்வீட்டுக் குளியலறை அல்ல, எல்லா மாடிக்கும் பொதுவாக இறங்கும் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுக்குப் பயன்படும் குழாய் பொதுச் சொத்து, செலவு நிர்வாகத்துடையது. அந்த மேல்வீட்டுக்காரர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. தீபாவளிக்கு முறுக்குடன் மேலே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டம்மா கதவு திறக்காததற்குக் காரணம், ராத்திரி வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர். நாலு மாதம் நான் தட்டியது எல்லாம் அவர் தூங்கும் நேரத்தில்.

நிர்வாகமே அசையாவிட்டால் என்ன செய்வது? மாநகர் மன்றத்தில் சி.ஓ.பி. என்று சொல்லப்படும் கட்டட ஆணையரிடம் போகலாம். அதைத் தாண்டி ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது, 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். பொதுவாக வக்கீல் தேவையில்லை, நாமே பேசலாம். தீர்ப்பை மதிக்காமல் இருப்பது குற்றம், அதனால் அதற்குப் பல் உண்டு. நம் ஆட்கள் இங்கே போவது மிகக் குறைவு. கோர்ட்டு என்ற வார்த்தையே பயமாக இருக்கிறது போலும். போட்டோவும் தேதி போட்ட கடிதமும் இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

இனித் தரை வீடு. அங்கே நிர்வாகம் இல்லை, ஆனால் மாநகர் மன்றம் இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் ரோட்டோரத்தில் வேறு யாரும் காரை நிறுத்தக் கூடாது என்று, பெயிண்ட் டின்னில் சிமெண்டு ஊற்றி நடுவில் ஒரு குழாயை நட்டு வைத்திருப்பார்கள், ஜெலுத்தோங்கில், ஆயர் ஈத்தாமில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் பார்க்கலாம். அந்த ரோடு யாருக்கும் சொந்தமில்லை. பொது இடத்தை மறிப்பது 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆவது பிரிவின்படி குற்றம், மன்றத்தின் லாரி வந்து தூக்கிக்கொண்டு போகலாம். கடைவீட்டு முன்னால் இருக்கும் காக்கி லீமாவும், அதாவது கூரைக்குக் கீழே போகும் நடைபாதையும், அப்படித்தான். நிலம் கடைக்காரருடையதாக இருந்தாலும் நடக்கிற வழியை அடைக்கக் கூடாது. சக்கர நாற்காலியில் போகிறவர்கள் காக்கி லீமாவை விட்டு ரோட்டில் இறங்கி பஸ்ஸுக்கு நடுவே போவதைப் பார்த்தவர்கள் இந்த விதியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டுவது, முன்னால் கார் நிற்க ஆவ்னிங் போடுவது, இதற்கெல்லாம் அதே சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி மன்றத்தின் முன் அனுமதி வேண்டும். கொண்ட்ராக்டர் "எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க அண்ணே" என்பார். இடிக்கச் சொல்லும் நோட்டீஸ் அவர் பெயருக்கு வராது.

நில வரி, மதிப்பீட்டு வரி என்ற இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நில வரியான சுக்காய் தானா மாநிலத்துக்கு, நில அலுவலகம் வசூலிப்பது, வருஷத்துக்கு ஒருமுறை, மே 31க்குள். மதிப்பீட்டு வரியான சுக்காய் பிந்து மன்றத்துக்கு, வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரி கடைசிக்குள்ளும் ஆகஸ்ட் கடைசிக்குள்ளும். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் இரண்டாவதிலிருந்து. பிளாட்டுக்காரர்களுக்கு முன்பு மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே நில வரி பில் வரும், நிர்வாகம் கட்டும், ஒருவர் பாக்கி வைத்தாலும் எல்லாருக்கும் ஆபத்து. ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு பினாங்கில் 2019 முதல் சுக்காய் பெத்தாக் என்று வீட்டுக்கு வீடு தனித்தனியாக வருகிறது. கோலாலம்பூரில் அது 2020இல் வந்தது. இது நியாயமான மாற்றம். ஆனால் பில் புதிதாக வந்தபோது அது மெய்ண்டனன்ஸில் அடக்கம் என்று நினைத்து விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். நில வரியை விட்டால் கடைசியில் போகிற இடம் நில பறிமுதல். 6ஏ படிவம் என்ற பாக்கி நோட்டீஸ் வந்த பிறகு மூன்று மாதம்தான் அவகாசம், அதைப் பிரிக்காமல் டிராயரில் போட்டுவிடாதீர்கள்.

கிராண்டில் இன்னொரு வரியும் உண்டு, அதை யாரும் படிப்பதில்லை. சியாராட் ஞாதா, அதாவது அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற வெளிப்படை நிபந்தனை. நிலம் மூன்று வகை: விவசாயம், கட்டடம், தொழில்துறை. அந்த வகைக்குள்ளும் குடியிருப்பா வணிகமா என்று எழுதியிருக்கும். பாலேக் பூலாவில் டுரியான் தோட்டத்தை வாங்கி நடுவில் நாலு சாலே (தங்கும் குடில்) கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் இந்த வரியைத்தான் மறந்துவிடுகிறார்கள். நிபந்தனையை மாற்ற மாநில ஆட்சிமன்றத்துக்கு விண்ணப்பித்து, பிரீமியம் கட்ட வேண்டும். மாற்றாமல் மீறினால் அபராதத்தில் ஆரம்பித்து, பறிமுதல் வரைக்கும் போகலாம்.

ஏர்பிஎன்பி சண்டையிலும் இந்த வரிதான் பேசுகிறது. கோலாலம்பூர் மோண்ட் கியாராவில் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டின் நிர்வாகம் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் குறுகிய கால வாடகையைத் தடை செய்தது. உரிமையாளர்கள் சிலர் எங்கள் சொத்தை நாங்கள் வாடகைக்கு விடுவதை யாரும் தடுக்க முடியாது என்று வாதாடினார்கள், வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2020இல் தீர்ப்பு நிர்வாகத்தின் பக்கம் வந்தது. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறவர் சட்டத்தின் கண்ணில் வாடகைதாரர் இல்லை, தங்க அனுமதி பெற்றவர் மட்டுமே. ஆகவே சொத்தை விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் நிர்வாகம் தடுக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். இந்தத் தீர்ப்பு பினாங்குக்கும் பொருந்தும். அதன்பின் 2023இல் நம் மாநில அரசு சொந்தமாக வழிகாட்டியும் கொண்டுவந்தது. குடியிருப்புக்கான அடுக்குமாடிகளில் குறுகிய கால வாடகை கூடாது, வணிக நிலத்தில் கட்டிய கட்டடங்களில் மற்ற உரிமையாளர்களின் சம்மதத்தோடு, அனுமதி பெற்று நடத்தலாம் என்பது அதன் போக்கு. கடனை அடைக்க அந்த வருமானத்தை நம்பி வாங்கியவர்களுக்குக் கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கதவு வாரத்துக்கு இரண்டு முறை புது முகங்களுக்குத் திறக்கும்போது, வயதான அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவரின் நிலைமையும் இருக்கிறது. நான் அந்தப் பக்கம்தான்.

குப்பையில் பினாங்கின் வழி தனி. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தைக் கோலாலம்பூர், ஜொகூர், கெடா மாதிரி இடங்கள் ஏற்றுக்கொண்டன, பினாங்கு சேரவில்லை, சிலாங்கூரும் சேரவில்லை. இங்கே குப்பை அள்ளுவது மன்றத்தின் வேலையாகவே நீடிக்கிறது. மறுசுழற்சிக் குப்பையை வீட்டிலேயே பிரிக்கும் கொள்கையை மாநிலம் 2016 ஜூன் 1 அன்று தொடங்கி, ஒரு வருஷம் சொல்லிக் கொடுத்துவிட்டு, 2017 ஜூனில் அமலாக்கத்துக்குப் போனது. பிளாஸ்டிக் பையிலும் அப்படித்தான்: 2009இல் திங்கட்கிழமைகளில் மட்டும் இலவசப் பை கிடையாது என்று ஆரம்பித்தது, 2011இல் எல்லா நாளும் ஆனது, அப்போது பைக்கு 20 சென். இதற்குப் பெரிய சட்டம் தேவைப்படவில்லை. கடைக்கு லைசன்ஸ் கொடுப்பது மன்றம், அந்த லைசன்ஸின் நிபந்தனையை எழுதுகிற பேனாவும் அதன் கையில்தான்.

வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனசில்லை. பட்டணத்தில் லிட்டில் இந்தியாவைச் சுற்றி, குயின் ஸ்திரீட், சூலியா ஸ்திரீட் பக்கம் பழைய கடைவீடுகளின் மாடியில் நம் குடும்பங்கள் எத்தனையோ இருந்தன. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஏற்ற விடாமல் பிடித்து வைத்திருந்தது. 1997இல் அதை ரத்து செய்யச் சட்டம் போட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பாதுகாப்பு முழுதாக விலகியது. அதோடு பல குடும்பங்கள் கிளம்பின. எட்டு வருஷம் கழித்து, 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனை உலக மரபுடைமைத் தளமாக அறிவித்தபோது, கட்டடங்கள் காக்கப்பட்டன, அவற்றில் வாழ்ந்தவர்களில் பலர் அதற்குள் போய்விட்டார்கள். அந்தச் சட்டத்தால் வீட்டுக்காரர்களுக்குப் பழுது பார்க்கவும் காசு தேறவில்லை என்பது உண்மை. ஆனாலும் போக இடம் ஏற்பாடு செய்யாமல் கதவைத் திறந்துவிட்டது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ஆனால் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை பாக்கி இருந்தாலும், தவணை முடிந்துவிட்டாலும், உள்ளே இருப்பவரை வீட்டுக்காரர் தானாக வெளியேற்ற முடியாது, பூட்டை மாற்ற முடியாது. 1950ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டம் 7ஆவது பிரிவு, அதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்கிறது. வீட்டுக்காரருக்கும் வழி இல்லாமல் இல்லை. போகாமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் இடம் கொடுக்கிறது. நீதிமன்றம் போக வேண்டும், அவ்வளவுதான்.

அக்காவிடம் அன்றைக்கு இத்தனையும் சொல்லவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். எங்கள் பிளாட்டின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வராவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, வந்தவர்களையே கோரமாக (கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கையாக) வைத்து நடத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. போன வருஷம் வந்தது பத்தொன்பது பேர். நடைபாதைத் தீர்மானத்தைப் போட்டது அந்தப் பத்தொன்பது பேர்தான். இரண்டாவது, கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே பாக்கியைத் தீர்க்காதவருக்கு ஓட்டு கிடையாது.

அவருக்கு மூன்று மாத பாக்கி இருந்தது. மறுநாளே மகளை அனுப்பிக் கட்டிவிட்டு, ரசீதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தள மண்டபத்தில் கூட்டம். சுவரை ஒட்டி ஒரு அடிக்குள் ஒரு செடித் தொட்டி வைக்க அனுமதி கேட்டு அவர் பெயரில் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறோம், மலாயில், கையெழுத்து அவருடையது. துளசி அதுவரை வீட்டுக்குள்ளே, ஜன்னல் பக்கம் இருக்கிறது.